முன்னால் ஒரு சைபர்

"ஃபாகர் 028." அக்கா அனுப்பிய இந்தக் குறுஞ்செய்தி என் கைப்பேசியில் இன்னும் இருக்கிறது. அழிக்கக் கை வரவில்லை.

மல்லசமுத்திரம் பக்கம் அவளுக்குக் கோழிப்பண்ணை. மாமாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இருமுறை அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். சித்திரை வெயிலில் ஷெட்டுக்குள் தண்ணீர் தூவும் ஃபாகரை யார் போடுவது? எத்தனை நிமிடம் என்று குறுஞ்செய்தி அனுப்பினால் மோட்டாரை ஓட்டும் கருவி ஒன்றை நான் செய்து கொடுத்தேன். பெரிய மேதை மாதிரி ஒரே மூச்சில் சி என்ற கணினி மொழியில் நிரல் எழுதினேன். செய்தியில் முதல் இலக்கம் வரும் இடத்தைத் தேடி, அங்கிருந்து எண்ணைப் பிரித்தெடுக்க வேண்டும். எந்த அடிமானம், அதாவது பத்துப் பத்தாக எண்ணுவதா எட்டு எட்டாக எண்ணுவதா, என்று கேட்கும் இடத்தில் சோம்பலாகப் பூஜ்யம் போட்டேன். எண்ணைப் பார்த்து நீயே முடிவுசெய்துகொள் என்று அதற்குப் பொருள். 28 என்று அனுப்பிப் பார்த்தேன், ஒழுங்காக ஓடியது.

அக்கா முட்டை லோடு கணக்கு எழுதிப் பழகியவள். முன்னால் இடம் விட்டால் எவனாவது ஓர் இலக்கத்தைச் செருகிவிடுவான் என்று எந்த எண்ணுக்கும் முன்னால் சைபர் போடுவாள். சைபரில் தொடங்கினால் எட்டடிமான எண் என்று நிரல் எடுத்துக்கொள்ளும். அதில் சைபர் முதல் ஏழு வரைதான், எட்டு என்ற இலக்கமே கிடையாது. 028 என்று வந்ததில் இரண்டைப் படித்து, எட்டைக் கண்டதும் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாள் பகலில் அதை மூன்று முறை அனுப்பியிருக்கிறாள். மூன்று முறையும் தண்ணீர் இரண்டே நிமிடம்தான் ஓடியது.

கோழிகள் விழுகிற சேதி கேட்டு நான் ஓடிப்போய், கருவியை மடிக்கணினியில் இணைத்துப் பார்த்தபோதே என் பூஜ்யம்தான் காரணம் என்று தெரிந்துவிட்டது. கூண்டுகளில் கோழிகள் அலகைத் திறந்தபடி செத்துக் கிடந்தன. அக்கா மாமாவைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு நேராக ஷெட்டுக்கு வந்தாள். அழவில்லை. கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

"நாந்தான் எதையோ தப்பா அமுத்திப்போட்டனா சாமி? உன்ற மிசினு நல்லாத்தான இருந்துச்சு?"

என் தப்பு அக்கா என்பது தொண்டை வரைக்கும் வந்தது. "இந்த வெயிலுக்கு யாரு என்னக்கா பண்ண முடியும்" என்றேன். கோழைப் பயல் நான். அன்று மாலையே அந்தப் பூஜ்யத்தைப் பத்தாக்கினேன். ஒரு நொடி வேலை.

இப்போதெல்லாம் அக்கா செய்தி அனுப்புவதற்கு முன் எனக்குப் போன் போடுகிறாள். நேற்றும் போட்டாள்.

"இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கறன், செரியா சாமி? என்ற கைமேல எனக்கே நம்பிக்கை இல்லாமப் போச்சு."

"செரிக்கா, அனுப்பு" என்றேன்.