மினுங்காத பெட்டி

கேம் விளையாடுகிற கம்பியூட்டர் பொருத்திக் குடுக்கிறதுதான் என்ரை தொழில். அரியாலையில் ஒரு வீட்டுக்கு இரண்டு கேட்டார்கள். கனடாவில் இருக்கிற தகப்பன் போனில் சொன்னார்: "தம்பிக்கு நல்ல திறமாப் போடுங்கோ. பிள்ளைக்கு மலிவானது காணும்." தம்பி என்றது மகனை. பிள்ளை என்றது மகளை.

அடுத்த நாள் அந்த மகனே கடைக்கு வந்தான். "அண்ணை, விலை கூடின சாமான் எல்லாத்தையும் உந்தச் சாதாரணக் கறுப்புப் பெட்டிக்குள்ளை போடுங்கோ. மலிவானதை லைற் எரியிற கண்ணாடிப் பெட்டிக்குள்ளை போடுங்கோ."

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. மாறிச் சொல்கிறானோ என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். "ஓம் அண்ணை, அப்பிடித்தான்" என்றான். விசர் வேலை என்று புறுபுறுத்துக்கொண்டே பொருத்தினேன்.

வீட்டில் கொண்டுபோய் இறக்கியபோது, அவனுக்குப் பக்கத்தில் மினுங்கிய கண்ணாடிப் பெட்டியைத் தாய் காட்டினா. "தம்பி, உதுதானே உன்ரை?"

இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவன் சொல்லவேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினான்.

"ஓம் அம்மா, இதுதான்" என்று தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போனான்.

மகள் கறுப்புப் பெட்டியைப் போட்டு ஒரு கேமைத் திறந்தாள். ஓரிடத்திலும் தடக்காமல் ஓடியது. அவளுக்கும் குழப்பம். என்னைக் கேட்டாள்: "அண்ணை, இது மாறி வந்திட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை, சரியாத்தான் வந்திருக்கு."

அடுத்த அறையில் அவனுடைய கேம் நின்று நின்று ஓடுகிற சத்தம் கேட்டது.

இப்போதெல்லாம் யாராவது "தம்பிக்குத் திறமாப் போடுங்கோ" என்று சொன்னால், எந்தப் பெட்டிக்குள் என்று அந்தத் தம்பியிடமும் ஒருக்கால் கேட்கிறேன். கனபேருக்கு என் கேள்வி விளங்குவதில்லை.