ஆடி அமாவாசையன்று போட்ட நேரலை

எனக்குப் பேய், ஆவி ஒன்றிலும் நம்பிக்கை கிடையாது. கோயிலுக்கே வேண்டாவெறுப்பாகப் போகிறவள் நான். என்னிடம் யாராவது இப்படி ஒரு கதையைக் கொண்டுவந்திருந்தால், உமக்கு வேறு வேலை இல்லையா என்று முகத்துக்கு நேரே கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். நீங்களும் என்னை அப்படிக் கேட்கலாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

எங்கள் வீட்டு வளவு கீரிமலைக்குப் பக்கத்தில், கடற்காற்று அடிக்கும் தூரத்தில் இருக்கிறது. யுத்தத்தில் அங்கிருந்து இடம்பெயர்ந்து ஓடியபோது எனக்கு இருபத்தொரு வயது. பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பக்கம் இராணுவம் எங்களை விடவில்லை. காணியைத் திருப்பித் தந்தபோது வீடு இல்லை, கிணறும் அத்திவாரமும்தான் மிச்சம். அதைக்கூட அப்பா பார்க்கவில்லை. இணுவிலில் ஒரு வாடகை வீட்டில், எப்போது வீட்டுக்குப் போவோம் என்று கேட்டுக் கேட்டே செத்துப்போனார். லண்டனில் இருக்கும் அண்ணை அதே அத்திவாரத்தின் மேல் நான்கு அறை வைத்து ஒரு வீடு கட்டினார். நான் கலியாணம் கட்டாதவள். பின்னறையில் இருந்துகொண்டு, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் எங்கள் சனத்துக்கு வீட்டை நாள் வாடகைக்கு விடுவதென்று ஏற்பாடு.

ஆனால் ஒருவரும் வரவில்லை. வருகிறவர்களுக்கு நகரத்தில் ஹோட்டல் வேண்டும், லிப்ட் வேண்டும். ஒரு வருடம் பார்த்துவிட்டு அண்ணை போன் எடுத்தார். ஹோட்டல் கட்டுகிற ஆட்கள் காணியைக் கேட்கிறார்கள், நல்லூர்த் திருவிழாவுக்கும் வீடு நிறையவில்லை என்றால் கொடுத்துவிடுவேன் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒருமுறை துரத்தப்பட்டு ஓடினேன், இரண்டாம் முறை சொந்த அண்ணை கையெழுத்துப் போட்டு அனுப்புவாரா? அந்தக் கோபத்தில்தான் முகநூலில் வீட்டுக்கு ஒரு பக்கம் தொடங்கினேன்.

கிணற்றுக் குளிப்பு, பனங்கூடல், பொழுது படுகிற கடல் என்று தினமும் படம் போட்டேன். நூறு சிவப்பு இதயம் வரும், ஊரை நினைக்க அழுகை வருகிறது என்று எழுதுவார்கள், எந்தத் திகதி வருகிறீர்கள் என்று கேட்டால் சத்தம் இருக்காது. கடைசியில் கனடாவிலிருந்து ஒரு பெண், தாங்கள் பன்னிரண்டு பேர் வருவோம், எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிட இடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். சரி, அதையே காட்டுவோம் என்று முடிவெடுத்தேன். விறாந்தைக்கு உள்ளே இருக்கும் பெரிய ஹோலில் பாய் விரித்து, பன்னிரண்டு வாழையிலை போட்டு, சோறு கறி எல்லாம் பரிமாறி, நேரலையில் காட்டுவது. நாள் ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாதவர்கள் எல்லாம் கீரிமலைக்கு வந்து தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் கொடுக்கிற நாள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் போனில் கீரிமலையைத் தேடுவார்கள், தேடும்போது என் வீடும் கண்ணில் படும். என் கணக்கு அவ்வளவுதான்.

சமையலுக்கு வருகிற புனிதத்துக்கு இது பிடிக்கவில்லை.

"அக்கா, உதை நாளைக்குச் செய்யுங்கோவன்."

"நாளைக்கு ஆர் கீரிமலையைத் தேடுவினம்? இண்டைக்குத்தான் பாப்பினம்."

"படைக்கவும் இல்லை, காகத்துக்கு வைக்கவும் இல்லை. இண்டைக்குப் பாத்துச் சும்மா இலையைப் போட்டு வாங்கோ வாங்கோ எண்டால், வரக்கூடாதவையும் வருவினம்."

"வரட்டும். ஆரும் வந்தால் போதும் எண்ட நிலைமையிலை நான் நிக்கிறன்."

"உங்கடை வாய் இருக்கே அக்கா, உதாலைதான் ஒரு மாப்பிள்ளையும் கிட்ட வரேல்லை" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு எங்கள் பக்கத்து வீடுகளில் கட்டாயம் இருக்கவேண்டிய காத்தோட்டிக்காய்க் கறியை ஒவ்வொரு இலையிலும் வைத்தாள். வைத்தவள் ஹோலில் நிற்காமல் குசினிக்குள் போய்விட்டாள்.

சரியாக மத்தியானம். கொளுத்துகிற வெயில். வாசலில் நின்று நேரலையைத் தொடங்கினேன். "வணக்கம் உறவுகளே, இது உங்கடை வீடு. இலை போட்டாச்சு, எல்லாரும் வாங்கோ, வந்து இருங்கோ" என்று சொல்லிக்கொண்டே போனை ஹோல் பக்கம் திருப்பினேன். முற்றத்துப் பூவரசில் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த காகங்கள் ஒரேயடியாக நின்றன. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு ஹோலுக்குள் ஒரு புழுக்கம் வந்தது. கலியாண வீட்டில் பந்திக்குச் சனம் நெருக்கி இருக்கும்போது வருமே, அந்தப் புழுக்கம். அதோடு ஈர வேட்டி வாசம். ஹோலில் என்னைத் தவிர ஒரு மனிதர் இல்லை. நான் பாட்டுக்கு அறை நான்கு, குளியலறை இரண்டு என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

கீழே கருத்துகள் வரத் தொடங்கின. முதலில் ஒருவர், "அக்கா, வீடு ஏற்கெனவே நிறைஞ்சு போச்சுப்போல" என்று எழுதினார். பகிடி என்று நினைத்தேன். அடுத்தது, "உவை எந்த ஊர்ச் சனம்?" இன்னொருவர், "ஏன் எல்லாரும் நனைஞ்சுபோய் இருக்கினம்? கீரிமலையிலை முழுகிப்போட்டு வந்தவையோ?" ஆளை ஆள் தெரியாத மனிதர்கள், ஒருவர் நோர்வே, ஒருவர் கொழும்பு. எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாற்ற முடியுமா? நிமிர்ந்து பார்த்தேன். பன்னிரண்டு இலை, ஆவி பறக்கிற சோறு, வேறு ஒன்றும் இல்லை. போனில் பார்த்தேன், அதிலும் என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

அப்போது அண்ணையின் பெயர் வந்தது. நான் போடுகிற ஒன்றையும் எட்டியும் பாராத மனிதர். "போனை அப்பிடியே பிடி. ஆட்டாதை" என்று எழுதியிருந்தார்.

பிடித்தேன். கை விட்டுப்போகிற மாதிரி வலித்தது, ஆனாலும் பிடித்தேன், வாயும் தானாக மூடிக்கொண்டது. வாழ்க்கையில் நான் கதைக்காமல் நின்ற நேரங்கள் குறைவு. பயம் என்று சொல்லமாட்டேன். பெரிய மனிதர்கள் கூடியிருக்கிற சபைக்குள் தெரியாமல் செருப்போடு நுழைந்துவிட்டால் உடம்பு ஒடுங்கும் அல்லவா, அப்படி ஒடுங்கி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் யாரோ, "சாப்பிட்டு எழும்பிட்டினம்" என்று எழுதினார்கள். உடனே காற்று வந்தது, காகங்கள் திரும்பக் கத்தின, புழுக்கம் போய்விட்டது.

ரசத்தோடு வந்த புனிதம் ஹோல் வாசலில் நின்றுவிட்டாள். "அக்கா, நிலத்தைப் பாருங்கோ" என்றாள். பன்னிரண்டு இலைக்கும் முன்னால், பாயிலும் தரையிலும், ஆள் இருந்து எழும்பிய அளவுக்கு ஈரம். ஓடு கூரை இல்லை, சீமெந்துத் தட்டுக்கூரை, மழையும் இல்லை. நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லை. கடலை ஒட்டியிருந்தும், சனம் தீர்த்தமாடுகிற கீரிமலைக் கேணித் தண்ணீர் உப்பாக இருக்காது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சோறு கறி வைத்தது வைத்தபடி இருந்தது. புனிதம் கை இரண்டையும் கூப்பிக்கொண்டு நின்றாள், என்னை ஏசவில்லை. அவள் ஏசாததுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

பதிவாகிய நேரலையை அன்றைக்கே போட்டுப் பார்த்தேன். வெறும் இலைகள்தான். பார்த்தவர்களுக்கும் பிறகு அப்படித்தான் தெரிகிறது. ஆனால் அவர்கள் எழுதிய கருத்துகள் இன்றும் அதன் கீழே கிடக்கின்றன. வேறு யாருடையவோ வீடியோ இடையில் கலந்திருக்கும் என்று படித்த ஒருவர் விளக்கம் சொன்னார். இருக்கட்டும். ஈரத்துக்கு அவரிடம் விளக்கம் இல்லை.

அண்ணை போன் எடுத்தார். ஐந்து நிமிடம் அழுகைதான்.

"அப்பா இருந்தவர் பிள்ளை. மூண்டாவது இலையிலை. வடிவாய்ச் சாப்பிட்டவர்."

"எனக்குத் தெரியேல்லை அண்ணை."

"நான் பாத்தனான். வீட்டை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். ஒருத்தர் வராட்டிலும் பரவாயில்லை, நீ அங்கேயே இரு."

வீட்டுக்கு ஆட்கள் வராமலும் இல்லை. அந்த நேரலையைப் பார்த்து, இவ்வளவு சனம் தங்குகிற வீடென்றால் நல்ல வீடு என்று நினைத்தவர்களே நல்லூர்த் திருவிழா முழுவதும் வந்து நிறைத்தார்கள். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. ஏனென்றால் அண்ணை போனை வைக்கும் முன் இன்னொன்றும் கேட்டார்.

"அப்பாவுக்குப் பக்கத்திலை இருந்த பெடியன் ஆர்? எங்கடை ஆள் இல்லை. காற்சட்டையின்ரை ஒரு காலை வாழைநாராலை கட்டியிருந்தான்."



அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். நாங்கள் ஓடிய நாளில் அண்ணை ஏற்கெனவே லண்டனில். அப்பாவால் நடக்க ஏலாது. வழியில் யாரோ ஒருவன் ஒன்றும் கேட்காமல் அவரைத் தன் சைக்கிள் கரியரில் ஏற்றி, மல்லாகம் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தான். காற்சட்டை செயினில் மாட்டாமலிருக்க வாழைநாரால் கட்டியிருந்தான். மல்லாகத்தில் ஷெல் விழுந்தது. அவன் விழுந்தான். நான் அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடினேன், திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவும் நானும் அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை, வேறு ஒருவருக்கும் நான் அதுவரை சொன்னதில்லை. அன்றைக்குத்தான் அண்ணைக்குச் சொன்னேன்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு அண்ணை வந்தார். கீரிமலையில் அப்பாவுக்குச் செய்து முடித்ததும், இன்னொருவருக்கும் செய்யவேண்டும் என்று ஐயரிடம் சொன்னார்.

"பேர்?" என்றார் ஐயர்.

அண்ணை என்னைப் பார்த்தார்.

"தெரியாது ஐயா" என்றேன்.

"ஊர்?"

"தெரியாது."

"உங்களுக்கு என்ன முறை?"

"ஒரு முறையும் இல்லை. எங்கடை அப்பாவைச் சைக்கிளிலை வைச்சுத் தள்ளினவர்."

ஐயர் எள்ளும் தண்ணீரும் அண்ணையின் கையில் விட்டார்.

அப்பா வந்தது கூட எனக்கு இப்போது பெரிதாகத் தெரியவில்லை, அது அவருடைய வீடு. அந்தப் பெடியன் ஏன் வந்தான் என்பதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில், காணாமல் போனவன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று வீட்டார் நம்பிக்கொண்டிருந்தால், அவனுக்கு விரதம் பிடிக்கமாட்டார்கள், இலை போடமாட்டார்கள். அவனுடைய தாய் இன்னும் எங்கேயோ வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாளோ தெரியாது. அன்றைக்குத் தள்ளிக்கொண்டு வந்த வழியில் நான் ஒரு பெயர் கேட்டிருக்கலாம்.