என் நம்பரில் வாங்கிய பெயர்

எங்கள் வீட்டில் எல்லா ஓடிபியும் என் போனுக்குத்தான் வரும். பேங்க், கேஸ், லைட் பில், அம்மாவின் ஆதார், தம்பியின் ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் என் நம்பர். அப்பா எந்நேரமும் கஸ்டமரோடு போனில் பேச்சில் இருப்பார்; தம்பி வருடத்துக்கு இரண்டு சிம் மாற்றுவான். "இப்போதைக்கு ஒன் நம்பரப் போடு, அப்புறம் மாத்திக்கிடலாம்" என்பார் அப்பா. எதையும் மாற்றியதில்லை. நான் குளித்துக்கொண்டிருந்தாலும் வெளியே நின்று நம்பர் கேட்பார்கள்.

தாராவியில் எங்களுக்குப் பள்ளி யூனிஃபார்ம் தைக்கும் பட்டறை. பன்னிரண்டு வருடமாக அங்கே அளவு எழுதுவதும் துணி பிரிப்பதும் நான்தான். முப்பத்திரண்டாவது வயதில் எனக்கு வாஷியில் ஓர் ஆபீஸ் வேலை கிடைத்தது. காலை ஒன்பது மணிக்குப் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், மாலை ஆறு மணிக்குத்தான் திரும்பக் கிடைக்கும் என்று இன்டர்வியூவில் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். எனக்கு வாயெல்லாம் பல். ஒன்பது மணி நேரம் ஒரு ஜீவனும் என்னிடம் நம்பர் கேட்க முடியாது!

அப்பா விட்டுவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனையோடு விட்டார். "ஸ்கூல்காரன் எல்லாம் வெப்சைட்டு இருக்கான்னு கேக்கான். அதுக்கு ஒரு நல்ல பேரா வாங்கி, தம்பி நம்பர்ல போட்டுக் குடுத்துட்டுப் போ. பகல்ல ஆர்டர் பாக்க ஓடிபி வேணும், நீ லாக்கருக்குள்ள வச்சிருந்தா யாருகிட்டப் போய்க் கேக்க?" நியாயம்தான். திங்கட்கிழமை நான் வேலையில் சேர வேண்டும்.

அப்பாவுக்குக் குலசாமி பெயர்தான் வேண்டும். வெப்சைட் பெயர் விற்கும் தளத்தில் தட்டிப் பார்த்தேன், யாரோ முன்பே வாங்கியிருந்தார்கள். "நம்ம சாமி பேர எவன்ட்டி வாங்குனான்? யாரக் கேட்டு வாங்குனான்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார், நான்தான் விற்றதுபோல. அடுத்து தாத்தாவின் பெயர், இனிஷியலோடு, 'அண்ட் சன்ஸ்' சேர்த்து. அது காலியாக இருந்தது, இருக்காதா? அவ்வளவு நீளத்தை லோக்கல் ரயிலில் நின்றுகொண்டு யார் தட்டுவார்கள்? அந்த 'சன்ஸ்' வேறு எனக்கு எரிச்சல். பட்டறைக்கு இருந்த ஒரே சன், துணி எடுக்க சூரத்துக்குப் போயிருந்தான்.

நானாக ஒரு சோதனை வைத்திருந்தேன். பெயரைப் போனில் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். கேட்பவர் திருப்பிக் கேட்காமல் எழுதிக்கொண்டால் அது நல்ல பெயர். மாட்டுங்காவில் எங்களிடம் யூனிஃபார்ம் எடுக்கும் ஒரு பள்ளியின் கிளார்க் அம்மாதான் என்னிடம் மாட்டினார். தினம் இரண்டு பெயர் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் "க்யா? ஃபிர் ஸே போலோ" என்று மறுபடி சொல்லச் சொன்னார். வெள்ளிக்கிழமை மதியம் பொத்தான் துளை தைக்கும் காஜா மெஷின் சத்தத்துக்கு நடுவே எனக்கு ஒன்று தோன்றியது. குழந்தைகள்கூடச் சொல்லும் இரண்டு சின்ன இந்திச் சொற்கள், புதுச் சட்டை போட்ட சந்தோஷம் அதில் இருந்தது. சொன்னேன். எழுதிக்கொண்டார். "அச்சா ஹை" என்று சிரிக்கவும் செய்தார். பன்னிரண்டு வருடத்தில் நான் யோசித்த ஒன்றை வெளியாள் ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பெயர் காலியாகவும் இருந்தது.

தம்பியைக் கூப்பிட்டேன். சூரத் மார்க்கெட்டில் இருந்தான், லைன் கிடைக்கவில்லை.

"அதுக்குள்ள எவனாவது எடுத்துருவான்ட்டி. ஒன் நம்பரையே போடு, அப்புறம் மாத்திக்கிடலாம்" என்றார் அப்பா.

அதைக் கேட்டதுமே நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. பத்து வருடத்துக்குச் சேர்த்து வாங்கினால் மலிவு என்று திரையில் வந்தது. "பத்தையும் போடு" என்றார். போட்டேன். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் வந்து நின்றது. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "ஏ, ஓனர் நீதான்ட்டி!" பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பக்கத்தை மூட மனம் வராமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வந்து சேர்ந்தான். மாற்றுவது ஐந்து நிமிட வேலை. அவன் தன் போனில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டான். எனக்கு வரும் ஓடிபியை நான் சொன்னால் போதும், பெயர் அவனுக்குப் போய்விடும், நான் வாஷிக்குப் போகலாம். வந்தது. ஆறு எண்கள்.

"அக்கா, ஓடிபி ஆயா?" வந்ததா என்று கேட்கிறான்; அவசரத்தில் அவனுக்கு இந்திதான் வரும்.

எத்தனையோ ஓடிபி ஒப்பித்தவள் நான். இதற்கு வாய் வரவில்லை. சொன்னால், உரிமையாளர் என்ற இடத்தில் அவன் பெயர் வந்து உட்காரும். அந்தப் பட்டறையில் என் பெயர் எழுதிய ஒரே இடம் அது. சொல்லாவிட்டால் பகல் ஓடிபிக்காகப் பத்து வருடமும் நான் இங்கேதான். இரண்டும் எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"வரலடா" என்றேன்.

"நெட்வொர்க்கா இருக்கும். மறுபடி அனுப்புதேன்."

இரண்டாவதும் வந்தது. போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"வரலியா? விடுட்டி, ஒன் நம்பர்லயே இருக்கட்டும்" என்றார் அப்பா.

திங்கட்கிழமை காலை வாஷி ஆபீஸுக்குப் போன் செய்து, சேரவில்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். வீட்டில் விடவில்லை என்று சொல்லிவிட்டேன்.