நிறைந்து திரும்பிய பாட்டில்கள்

சைக்கிளைப் பழுது பார்ப்பது ஒரு தொழில் என்றால், அதில் போகிறவர் தண்ணீரை எங்கே வைத்துக்கொள்வார் என்று மண்டையை உடைத்துக்கொள்வது இன்னொரு தொழில். மைசூரில் ஒரே கடைக்குள் இந்த இரண்டோடும் மாரடிப்பவன் நான். நீந்திவிட்டு, சைக்கிள் ஓட்டிவிட்டு, கடைசியில் ஓடவும் செய்கிற ட்ரையத்லான் கூட்டம் எங்கள் ஊரில் பெருகிவிட்டது. நீந்தும்போது குடிக்க முடியாது. ஓடும்போது நிறையக் குடித்தால் வயிறு கலங்கும். ஆகவே குடிக்க வேண்டியதில் பெரும்பகுதியைச் சைக்கிளில் உட்கார்ந்தபடியே குடித்தாக வேண்டும். ஸ்பானரும் கையுமாக அல்லாடும் என் சகோதரர்களுக்கு இந்தப் பாடு தெரியும். வாடிக்கையாளர்கள் எத்தனையோ பேர் இருந்தாலும், நான் இங்கே சொல்லப்போவது ஒரே ஒருவரைப் பற்றி.

ஒன்று போதும்

சுமதி மேடம் ஒரு காலேஜில் வேதியியல் பாடம் எடுப்பவர். நாற்பதை நெருங்கும் வயதில் ட்ரையத்லான் ஆசை வந்து, புது சைக்கிளோடு கடைக்கு வந்தார். ஒரே ஒரு பாட்டில் கேஜ், அதாவது பாட்டிலைச் செருகும் கூடு, மாட்டினால் போதும் என்றார். எடைக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். சைக்கிளில் அரைப் பாட்டில் தண்ணீர் எடையைக் குறைக்கத் துடிக்கிறவர்கள், அதற்கு முந்தின நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

"தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டோணுங்க மேடம். வெயில்ல ஒரு பாட்டில் எந்த மூலைக்குங்க?" என்றேன். அவர் பிடி கொடுக்கவில்லை. கூட வந்திருந்த தம்பி சரவணன் அதுவரை கடையில் தொங்கிய டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. அக்கா பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் பின்னாலேயே காரில் போகிறவர். அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"எங்க அக்காவுக்கு ஒரு கிட்னி தாங்க இருக்கு. இன்னொண்ண எனக்குக் குடுத்துட்டா. தண்ணி விஷயத்துல ஜாக்கிரதையா இருப்பேன்னு சொன்னதாலதான் டாக்டரே இதுக்கு ஒத்துக்கிட்டார். நீங்க மூணு பாட்டில் மாட்டுங்க."

பறந்த பாட்டில்

சைக்கிளின் ஃப்ரேமில் ஒன்று, சீட்டுக்குப் பின்னால் இரண்டு என்று மாட்டினேன். பின்னால் மாட்டுவதில் ஒரு தொல்லை உண்டு. டி. நரசிபுரா சாலையில் ஊருக்கு ஊர் ஹம்ப், அதாவது வேகத்தடை, போட்டு வைத்திருக்கிறார்கள். வெள்ளைக் கோடு கிடையாது, பலகை கிடையாது. வேகமாக ஏறி இறங்கினால் பின்னால் இருக்கும் பாட்டில் கேஜை விட்டுத் துள்ளிப் போய்விடும். முன்னால் பார்த்து ஓட்டுகிறவருக்கு அது போனதே தெரியாது.

பழைய ட்யூபை நாடா நாடாவாகக் கத்தரித்து கேஜின் உள்பக்கம் சுற்றினேன். எந்தக் கம்பெனியும் விற்காத சாமான் அது. ஆனால் பாட்டிலைப் பிடித்த பிடியாகப் பிடித்துக்கொள்ளும். மறுவாரம் ஒரு பாட்டிலும் விழவில்லை. பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். சரவணன் சொன்னார்:

"நல்ல வேலைங்க. ரோட்ல பாட்டில் பொறுக்கிப் பொறுக்கி எனக்கு இடுப்பு வலியே வந்துடுச்சு."

ஏறிய எண்

இரண்டு மாதம் கழித்து சரவணன் தனியாக வந்தார். முகம் சரியில்லை. அக்காவின் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் எண் ஏறியிருக்கிறதாம். உடம்புக்குத் தண்ணீர் போதவில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த பரிசோதனையில் அது இறங்காவிட்டால் பந்தயமும் கிடையாது, நீண்ட பயிற்சியும் கிடையாது.

"அவ பாட்டிலத் தூக்கிக் குடிக்கிறத நான் கார்லருந்து பாக்குறேனே" என்றார். பாட்டிலின் வாயில்தான் கோளாறு என்று அவருக்குச் சந்தேகம். எனக்கும் பதைப்பாக இருந்தது. நான் மாட்டிய சாமானால் ஒரு மனுஷிக்கு இருக்கிற ஒரே கிட்னிக்கு ஆபத்து என்றால் எப்படிச் சாப்பாடு இறங்கும்? எல்லாப் பாட்டிலின் மூடியையும் மாற்றினேன். குனிந்தபடியே உறிஞ்சிக்கொள்ள, கைப்பிடிகளுக்கு நடுவில் ஸ்ட்ரா வைத்த பாட்டில் ஒன்றைப் பொருத்தினேன். நானே உறிஞ்சிப் பார்த்தேன். தண்ணீர் தாராளமாக வந்தது. சைக்கிளை எடுத்துப்போகும்போது சரவணன் சொன்னார்:

"இதுலயும் சரியாகலைன்னா, நானே அவள நிறுத்தச் சொல்லணும். அத என் வாயால எப்படிங்க சொல்வேன்?"

கனத்த சைக்கிள்

அந்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்து வரும் வழியில் செயின் நழுவுகிறது என்று சுமதி மேடம் நேராகக் கடைக்கே வந்துவிட்டார். சரவணன் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி மாட்டினேன். கை கனத்தது. தினமும் சைக்கிள் தூக்குகிற கைக்கு இதெல்லாம் தெரியாமல் போகாது. ஒவ்வொரு பாட்டிலாக உருவினேன். எல்லாம் கழுத்துவரை நிறைந்திருந்தன. வெயிலில் நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்திருக்கிறார்.

கல்லாவில் இருந்த என் மனைவி மல்லிகா எழுந்து வந்தாள். "ஏனுங்க மேடம், குடிக்கவே இல்லீங்களா?" என்று கேட்டாள். மேடம் கையுறையைக் கழற்றினார். பிறகு மல்லிகாவிடம் மட்டும் பேசுகிற மாதிரி சொன்னார்: "குடிச்சா போகணும். ஆம்பளைங்க ரோட்டோரமா நின்னுடுறாங்க. நான் எங்க போவேன், ரெண்டு பக்கமும் வயல், ஜனங்க. உதட்டை நனைச்சுக்குவேன். மிச்சத்தை வீட்டுக்குப் போய் வாஷ்பேசின்ல கொட்டிடுவேன். தம்பிக்குத் தெரியாது."

தம்பி அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். கார் சாவி கையில் இருந்தது. நான் தலையைக் குனிந்து செயினைத் துடைத்தேன், அது சுத்தமாகத்தான் இருந்தது. சரவணன் குரலை உயர்த்தவில்லை.

"டயாலிசிஸ் பண்ணிக்கிட்டிருந்தப்ப எனக்கு இவ்வளவு தண்ணிதான்னு அளந்து குடுப்பாங்க. ஐஸ் கட்டிய வாயில அடக்கிக்கிட்டு கெடந்தேன், நீதானே அக்கா பக்கத்துல இருந்த. இப்ப நாலு பாட்டில் தண்ணிய வச்சுக்கிட்டு நீ காஞ்சுபோய் வர்றியே."

டீக்கடை

அடுத்த நாளே மல்லிகா கடையை என் தலையில் கட்டிவிட்டு, அக்கா தம்பி இருவரோடும் காரில் கிளம்பினாள். பந்தயமும் டி. நரசிபுரா சாலையில்தான் என்பதால் வழி நெடுக இடம் தேடினார்கள். ஒரு பெட்ரோல் பங்கில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் விசேஷம் இருந்தால்தான் திறப்போம் என்றார்கள். கடைசியில் ஒரு டீக்கடை. ராமாபுரத்திலிருந்து வந்து கடை போட்டிருக்கும், தமிழ் பேசும் ஓர் அம்மா. கடைக்குப் பின்னாலேயே வீடு. மல்லிகா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாளாம். அந்த அம்மா பால் கொதிக்கும் அடுப்பை அணைத்துவிட்டு, உள்ளே கூட்டிப்போய்க் கதவையும் தாழ்ப்பாளையும் காட்டியிருக்கிறார்.

"எத்தன பொம்பளைப் புள்ளைங்க இந்த வழியா சைக்கிள்ல போகுதுங்க, ஒருத்தி கூட எறங்கிக் கேட்டதில்லீங்களே. வரச் சொல்லுங்க."

பந்தயம்

அதன்பின் பயிற்சியில் மேடம் அங்கே இறங்கிப் போய் வந்தார், தண்ணீரும் குடித்தார். அடுத்த பரிசோதனையில் எண் இறங்கியது. டாக்டர் சம்மதித்தார். பந்தயத்தன்று நானும் சரவணனும் டீக்கடை எதிரில் நின்றோம். அதே சாலையில் இரண்டு சுற்று. வெளியாள் யாரும் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ஓட்டுகிறவரை நீக்கிவிடுவார்கள். ஓட்டுகிற ஆண்களில் சிலர் இறங்குவதே இல்லை, எல்லாம் சீட்டின் மேலேயே. மறுநாள் அந்தச் சைக்கிள்களைக் கழுவும் சகோதரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் சுற்றில் மேடம் டீக்கடையில் இறங்கி, உள்ளே போய், வந்து, ஏறிப் போனார். இரண்டாம் சுற்றில் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சைக்கிளை முடிக்கக் கொடுத்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தாண்டினால் ஓட விடமாட்டார்கள். தூரத்தில் அவர் வருவது தெரிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்பு ஸ்ட்ராவில் வாய் வைத்தார், எடுக்கவேயில்லை. இறங்கினால் நேரம் போய்விடும் என்று அவருக்கும் தெரியும், எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நிற்காமல் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். சரவணன் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரேக் சத்தம் கேட்டது. மேடம் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார்.

சில நிமிட வித்தியாசத்தில் பந்தயம் போய்விட்டது. சைக்கிள் சுற்று முடிகிற இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, நேரம் கணக்கிடக் காலில் கட்டியிருந்த சிப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மேடம் நடைபாதை ஓரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சரவணன் சைக்கிளிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக உருவிக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றிலும் சொட்டு இல்லை. அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அழு அக்கா, நான் வேண்டாங்கல. எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு. ஸ்வல்ப நேரம் இப்படியே இருந்துக்கறேன்."

தண்ணீரை உள்ளே அனுப்ப நூறு சாமான் விற்கும் என் தொழிலில், அதை நிம்மதியாக வெளியேற்ற ஒரு தாழ்ப்பாள்கூட விற்பனைக்கு இல்லை.