நான் வந்தால் விக்கெட் விழும்

"சனிக்கிழமை நீங்க வர வேண்டாம் அம்மா. அப்பா மட்டும் வரட்டும்" என்றாள் என் மகள்.

அவளுக்கு ஐந்து வயது. நேசரிப் பள்ளி விளையாட்டுப்போட்டிக்குத் தைத்த மஞ்சள் பாவாடையின் உயரம் பார்க்க அவளைக் கதிரையில் ஏற்றி நிறுத்தியிருந்தேன். வாயில் குண்டூசிகள் இருந்ததால் உடனே ஒன்றும் கேட்க முடியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுத்தான் ஏன் என்று கேட்டேன்.

"நீங்க பார்த்தா தேசிக்காய் விழுந்திடும்."

வாயில் கரண்டியைக் கவ்வி, அதில் தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, வைத்துக்கொண்டு ஓடுகிற போட்டி அது. மூன்று கிழமையாக எங்கள் வீட்டுக்கும் லிப்டுக்கும் இடையிலுள்ள நடையில் பழகினோம். விழுந்த தேசிக்காயையெல்லாம் குனிந்து பொறுக்கிக் கொடுத்தவள் நான்.

"ஆர் குஞ்சு அப்பிடிச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. மட்ச்சிலயும் அப்பிடித்தானே."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனைவோம் என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு, கதிரையிலிருந்து குதித்துப் போய்விட்டாள். பாவாடையின் ஒரு பக்கம் மட்டும் மடித்தபடி இருந்தது.

இந்தக் கதை தொடங்கியது எங்கள் மேல்மாடியில். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் நாங்கள் இருக்கிறோம். பொருளாதார நெருக்கடி வந்த வருடம் கேபிள் இணைப்பை நிறுத்தினோம், பிறகு போடவில்லை. அதனால் இலங்கை விளையாடும் நாட்களில் மூன்றாம் மாடி அங்கிள் வீட்டுக்குப் போவது வழக்கமாயிற்று. வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கனடாவிலிருக்கும் மகன் பெரிய ரீவியும் வாங்கிக் கொடுத்து, இன்டர்நெட் மூலம் மட்ச் பார்க்க மாதாமாதம் பணமும் கட்டுகிறான்.

அந்த வீட்டில் கிடைத்த சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை. காலையில் தண்ணீர் மோட்டர் விஷயத்தில் சண்டை பிடித்தவர்கள் மாலையில் ஒரு சிக்ஸருக்குக் கட்டிப்பிடிப்பார்கள். அன்ரி ரோல்ஸ் பொரித்துக்கொண்டே ஸ்கோர் கேட்பா. கலியாண வீட்டிலும் வாய் திறக்காத என் கணவர், அங்கே பைலா பாடியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆனால் நான் தொடக்கத்திலேயே போய் உட்காரக்கூடியவள் அல்ல. சமைக்க வேண்டும், உடுப்பு மடிக்க வேண்டும். என் குசினி யன்னலுக்கு நேர் கீழே, நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம்காரரின் ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. கடைக்குள் அவரிடமும் ஒரு சின்ன ரீவி உண்டு. அங்கிருந்து சத்தம் எழும்பினால் நான் அடுப்பை அணைத்துவிட்டு மேலே ஓடுவேன். ஒரு நாள் அப்படி ஓடிப்போய் வாசலில் கால் வைத்தேன். திரையில் விக்கெட் பறந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த மட்ச்சிலும் அதேதான்.

"பிள்ளை, உம்மட முழுவியளம் சரியில்லைப் போல கிடக்கு" என்றார் அங்கிள். வெளியே புறப்படும்போது எதிரே ஆர் வருகினம் என்று பார்க்கிற அந்தப் பழைய சகுனத்தை ஐம்பது அங்குல ரீவிக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

மூன்றாவது முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அதன் பிறகு அது சட்டமாகிவிட்டது.

"பிள்ளை, நீர் கொஞ்சம் வெளியில நில்லும். இந்த ஓவர் முடியட்டும்."

நான் நின்றேன். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது அதற்குத்தான். சொன்ன உடனே, தலையை ஆட்டிவிட்டு, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் படிக்கட்டு முகப்பில் போய் நின்றேன். அங்கிருந்து தெரிவது சுழலும் மின்விசிறியும் அங்கிளின் பிடரியும்தான். மகள் அடிக்கடி ஓடிவந்து ஸ்கோர் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடுவாள். கணவரிடம் சொன்னால், "பகிடிக்குத்தானே, நீர் எல்லாத்தையும் மனசுக்குள்ள எடுக்கிறீர்" என்பார். நானும் அப்படித்தானோ என்று யோசிப்பேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். எட்டு வயதிலிருந்து அப்பா என்னைக் கெத்தாராம மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். வாசலில் பொலிஸார், தமிழ்ப் பெயர் போட்ட அவருடைய அடையாள அட்டையை மற்றவர்களுடையதைவிட நீண்ட நேரம் புரட்டிப் பார்ப்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே நிற்பார். உள்ளே போனதும் அதெல்லாம் போய்விடும். பப்பரே வாத்தியம் முழங்கும். ஒருமுறை எல்லைக் கோட்டில் எங்கள் வீரர் ஒருவர் பந்தைப் பிடித்தபோது, முன்பின் தெரியாத சிங்களப் பெண் ஒருவர் என்னைத் தூக்கிச் சுற்றி, "நங்கி, நங்கி" என்று தங்கச்சி முறை சொல்லிக் கையில் பால்டொபி திணித்தார். யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் இன்றைக்கும் போனில் கேட்பார்கள்: "அவங்கட டீமுக்கு நீ ஏன் அழுறாய்?" அதற்கு நான் இதுவரை ஒழுங்காக ஒரு பதில் சொன்னதில்லை. சொல்லத் தெரியாமலே அந்த அணியுடன் நின்றிருக்கிறேன், எல்லாப் பேச்சும் வாங்கிக்கொண்டு. என்னைத்தான் படிக்கட்டில் நிறுத்தினார்கள்.

எனக்கும் இந்த நம்பிக்கைகள் இல்லாமல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். சிறு வயதில் ஒரு நாள், அம்மா இடியப்பத் தட்டோடு அறை வாசலுக்கு வந்தபோது ஒரு ஃபோர் போனது. நானும் அப்பாவும் அவவை அசைய விடவில்லை. தட்டைக் கையில் பிடித்தபடி ஐந்து ஓவர் நிற்க வைத்தோம். அவ கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றா. அன்று வென்றோம். அம்மாவுக்குக் கை வலித்ததா என்று நான் கேட்கவில்லை.

மகள் அப்படிச் சொன்னதற்கு அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. பகலிலேயே மட்ச், எங்கள் பக்கம் இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடியது. அன்றைக்குப் போகவே கூடாது என்று காலையில் முடிவெடுத்தேன். பின்னேரம் மூன்று மணிக்குப் பருப்பை இறக்கி வைத்துவிட்டு, மனம் கேளாமல் மேலே படிக்கட்டு முகப்பில் போய் நின்றுகொண்டேன். ஆறு ஓவரில் நாற்பது ஓட்டங்கள் வேண்டும், கையில் நான்கு விக்கெட்.

கீழே நானாவின் குரல் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. "அடேய், போய்ட்டான்டா, போய்ட்டான்."

உள்ளே அங்கிள் வீட்டில் எல்லோரும், "அடி, அடி" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு விளங்கவில்லை. வேறு ஏதோ மட்ச் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, உள்ளேயிருந்து ஒரே குரலாக "ஐயோ" என்று வந்தது.

செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். நானா கடைவாசலில், பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"நானா, இப்ப விக்கெட் விழுந்தது உங்களுக்கு எப்பிடி முதலே தெரிஞ்சது?"

"நான் என்ன சாஸ்திரமா பாக்கிற தங்கச்சி? என்ட ரீவிக்கு அன்டனா. ஒங்கட அங்கிளுக்கு இன்டர்நெட். அவருக்கு அந்தப் பந்து போய்ச் சேர முந்தி நான் இங்க ஒரு ப்ளேன்டீ குடிச்சு முடிச்சிருவன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்போதுதான் எல்லாம் விளங்கியது. விக்கெட் மைதானத்தில் விழும், நானா கத்துவார், என் குசினிக்குக் கேட்கும், நான் அடுப்பை அணைத்து ஒரு மாடி ஏறுவேன். நான் வாசலில் கால் வைக்கவும் அந்த விக்கெட் அங்கிளின் திரையில் விழவும் சரியாக இருக்கும். நான் விக்கெட்டைக் கொண்டுபோகவில்லை. விழுந்த பிறகுதான் ஓடினேன். ஃபோருக்கும் அப்படித்தான் ஓடியிருக்கிறேன். எதிரணி விக்கெட்டுக்கும் ஓடியிருக்கிறேன். அப்போதெல்லாம் ஒருவரும் என் முழுவியளத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

இரண்டிரண்டு படியாக ஏறி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். "அங்கிள், உங்கட ரீவி பிந்தித்தான் காட்டுது. கீழ நானாவுக்கு முதலே தெரியும். அவர் கத்தினாப் பிறகுதான் நான் வாறனான்."

அங்கிள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், அன்பாகவே சொன்னார். "அது சரியாத்தான் இருக்கும் பிள்ளை. எண்டாலும் ஏன் ரிஸ்க் எடுப்பான்? இன்னும் நாலு ஓவர்தானே."

"இஞ்சேரும், பிறகு கதைப்பம்" என்றார் கணவர்.

மகள் முன்வரிசையில் தலையணைமேல் இருந்தாள். அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்பக்கமாகக் கையை நீட்டி, போங்கோ என்று விரல்களை அசைத்தாள். அங்கிள் எனக்குக் காட்டுகிற அதே சைகை.

"நான் வெளியில நிக்க மாட்டன் அங்கிள். இந்த டீமுக்கு எட்டு வயசில இருந்து அழுறன். இனி உள்ளுக்க இருந்து அழுறன்."

மகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தேன். கதவு திறந்தே கிடந்தது. கீழேயிருந்து நானாவின் விசில் வந்தது.

"இப்ப ஒரு ஃபோர்" என்றேன்.

ஃபோர் போனது. எல்லோரும் கத்தினார்கள். நான்காம் மாடி மாமா மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இரண்டு பந்து கழிந்திருக்கும். "அட நாசமாப் போவான்" என்று கீழே நானா.

"இப்ப அவுட்."

அவுட். அன்ரி கையிலிருந்த கரண்டியோடு வந்து நின்றா. "ஐயோ பிள்ளை, வாயைத் திறவாதையும்."

"அன்ரி, ஃபோர் எண்டு சொன்னதும் நான்தானே."

"அது வேற."

என்ன வேறு என்று அவ சொல்லவில்லை. நான் கொண்டுபோன அத்தாட்சி என் கண்ணெதிரிலேயே செய்வினையாக மாறிப்போனது. முன்பு என் கால்தான் கூடாது. இப்போது நாக்கும் சேர்ந்துகொண்டது. ஐந்து ஓட்டத்தால் தோற்றோம். அங்கிள் ரீவியை அணைத்தார். அன்ரி தந்த ரோல்ஸை மற்றவர்கள் பேசாமல் சாப்பிட்டார்கள். எனக்குத் தட்டு வரவில்லை.

படி இறங்கும்போது கணவர் சொன்னார். "இண்டைக்கு எண்டாலும் நீர் வெளியில நிண்டிருக்கலாம்."

"நீங்க எஞ்சினியர் எல்லோ."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், என்னுடையதைப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் மனதுக்குள் வழக்காடினேன். நான் போய்த் தேசிக்காய் விழுந்தால், தன் அம்மா கூடாதவள் என்று அவள் காலம் முழுக்க நம்புவாள். போகாமல் அவள் வென்றாலும் அதையேதான் நம்புவாள். ஒரு குழந்தையின் ஆசைக்கு விட்டுக்கொடுத்தால் என்ன, ஒரு நாள்தானே என்றும் தோன்றியது. எத்தனையோ ஓவர்களை அப்படித்தான் விட்டுக்கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை கணவர் சமாதானமாக ஒரு வழி சொன்னார். "பின்னுக்கு, கூடாரத்துக்கு அங்கால நிண்டு பாருமன். அவளுக்குத் தெரியாமல்."

பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலை மைதானத்தை நேசரிக்காரர் அன்றைக்கு எடுத்திருந்தார்கள். நான் கூடாரத்துக்குப் பின்னால் போகவில்லை. ஓடுபாதையோரம் கட்டியிருந்த கயிற்றின் முன்வரிசைக்கு, இரண்டு தாய்மாரை மன்னிப்புக் கேட்டு விலக்கிக்கொண்டு போனேன். அவள் என்னைக் கண்டாள். கரண்டி வாயில் இருந்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. முகம் மட்டும் சுருங்கியது.

ஏழு பிள்ளைகள். விசில் அடித்தது. பாதித் தூரம் வரை அவள் இரண்டாவதாக வந்தாள். இனிக் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். மூடவில்லை. எனக்கு நேரே வந்தபோது தேசிக்காய் விழுந்தது.

அவள் தேசிக்காயைப் பார்க்கவில்லை. நின்று, என்னைப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகள் அவளைத் தாண்டிப் போனார்கள்.

"எடு குஞ்சு. எடுத்து வைச்சுக்கொண்டு ஓடு" என்று கத்தினேன்.

எடுத்தாள். வைத்துக்கொண்டு நடந்தாள், ஓடவில்லை. கடைசியாக முடித்தாள். நேரே அப்பாவிடம் போய் அவருடைய கால்களுக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கிட்டப் போனபோது அவள் தலையைத் தூக்கினாள்.

"நான் சொன்னனான்தானே."

"ஓம், சொன்னனீங்க. பாதி வரைக்கும் நான் பார்த்துக்கொண்டுதான் நிண்டனான். அப்ப விழேல்லையே."

"அது வேற."

அன்ரியின் அதே இரண்டு சொல். யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது, மேல்மாடியில் இருந்த எல்லோரையும் வரிசையாக. மன்னிப்புக் கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"மற்ற ஓட்டத்துக்கும் நிப்பீங்களோ?" என்று கேட்டாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பலூன் உடைக்கும் ஓட்டம் இன்னும் இருந்தது.

"நிப்பன்."

"தோத்துப்போவன்."

"தோத்தாலும் நிப்பன்."

அவள் மறுபடி அழத் தொடங்கினாள். டீச்சர் வந்து கூட்டிக்கொண்டு போனா. கணவர் நிழலுக்கு வரச் சொன்னார். வெயில் நேரே முகத்தில் அடித்தது. நான் கயிற்றடிக்குத் திரும்பிப் போய், அவள் தொடங்குகிற இடத்திலிருந்து பார்த்தால் முதலில் தெரியக்கூடிய இடமாகப் பார்த்து நின்றேன்.