பழைய டோக்கனும் அக்கா மகள் கல்யாணமும்

எங்கள் வீட்டுக் காருக்கு நான்தான் சொந்தக்காரன். ஆனால் எனக்கு ஓட்டத் தெரியாது. சூலூரில் தறிக்குடோன் கொஞ்சம் நன்றாக ஓடிய காலத்தில், சொந்தபந்தத்தில் எல்லோரும் வாங்குகிறார்களே என்று ஒரு பழைய அம்பாசிடரை வாங்கினேன். ஓட்டுவது என் மச்சினன், சம்சாரத்தின் தம்பி. பக்கத்தில் உட்கார்ந்து கவலைப்படுவது நான். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறையில்லை.

அப்போதெல்லாம் காருக்கு வருசா வருசம் ரோடு வரி கட்ட வேண்டும். கட்டினால் வட்டமாக ஒரு டோக்கன் கொடுப்பார்கள். அதை முன்கண்ணாடியின் மூலையில் ஒட்டிவைக்க வேண்டும். காலையில் எழுந்ததும் போய் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் நான் பல் விளக்குவேன். தேதி முடிய மாசக்கணக்கில் இருந்தாலும் பார்ப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த விதியை மாற்றினார்கள். இனிமேல் காருக்கு ஒரே தடவையாகக் கட்டிவிடலாம், பழைய வண்டிக்கு வயசுக்குத் தகுந்தபடி குறையும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எல்லோருக்கும் சந்தோசம். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமில்லை. ஒரேடியாகக் கட்டிய அடுத்த மாசமே வண்டி புளியமரத்தில் மோதிவிட்டால் மிச்ச வரியைத் திருப்பிக் கொடுப்பார்களா? அடுத்து வருகிற கவர்மெண்ட் இது செல்லாது என்று சொன்னால் யாரிடம் போய்க் கேட்பது? நான் ஏழாவதோடு நின்றவன். அரசாங்கக் காகிதம் எதைப் பார்த்தாலும் அதில் எனக்கு எதிராக ஏதோ எழுதியிருப்பதாகத்தான் தோன்றும்.

"ஏனுங்க, கட்டிப்போட்டு நிம்மதியா இருங்களேன்," என்றாள் சம்சாரம்.

கட்டிப்போட்டேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி. புத்தகத்தில் எழுதி, சீல் வைத்துக் கையில் கொடுத்தார்கள். நான் நகரவில்லை.

"என்னங்க?" என்றார் கவுண்டருக்குள் இருந்தவர்.

"டோக்கனுங்க?"

"டோக்கனெல்லாம் இல்லீங்க. அதான் மொத்தமாக் கட்டிட்டீங்கள்ல."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பழைய டோக்கனைக் கிழித்துவிட்டால் கண்ணாடி மூளியாகத் தெரியும். வரி கட்டாத வண்டி என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். அதனால் தேதி முடிந்த அந்த டோக்கனை அப்படியே விட்டுவிட்டேன். ஆர்.சி. புத்தகத்தை மச்சினன் கையில் கொடுத்தால் எங்காவது தொலைத்துவிடுவான் என்று, பீரோவில் சம்சாரத்தின் கூறைப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். முன்னொரு காலத்தில் எடுத்து லேமினேசன் போட்டுவைத்த ஜெராக்ஸ் ஒன்று காரிலேயே கிடந்தது. அது போதும் என்று நினைத்தேன். அந்த ஜெராக்ஸ் எடுத்தபோது இந்தப் புது வரியே கிடையாது என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. மற்ற எல்லாக் கவலையும் தோன்றியது.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது கிணத்துக்கடவில். அவள் மகளுக்குக் கல்யாணம் வந்தது. நான் தாய்மாமன். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் கல்யாணத்தை முன்நின்று நடத்துகிறவர் அருமைக்காரர். அவர் வந்து சீரெல்லாம் செய்து தாலியை எடுத்துக் கொடுத்தால்தான் கல்யாணம். அந்த மாசம் முகூர்த்தம் நெருக்கம். எங்கள் அருமைக்காரருக்கு முந்தின நாள் உடுமலைப்பேட்டையில் வேறொரு கல்யாணம். விடியும்போது போய் அவரைக் காரில் கூட்டிவர வேண்டும்.

போனோம். கூட்டிக்கொண்டும் வந்தோம். காருக்கு மாலை போட்டிருந்தது, நாலு பக்கமும் சந்தனம் வைத்திருந்தது. அருமைக்காரர் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் தூங்கினார். பொள்ளாச்சி தாண்டியதும், இனி ஒன்றும் ஆகாது என்று ஒரு நிமிசம் நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது. கிணத்துக்கடவுக்கு முன்னால் ரோட்டோரம் ஒரு ஆர்.டி.ஓ. ஜீப் நின்றது. ஆபீசர் கை காட்டினார்.

ஆபீசர் முதலில் கண்ணாடி மூலையைத்தான் பார்த்தார்.

"தேதி முடிஞ்சு எத்தனையோ நாளாச்சே?"

"இல்லீங்க சார், மொத்தமாக் கட்டியாச்சுங்க."

"அப்புறம் எதுக்கு இதை ஒட்டி வச்சிருக்கீங்க?"

"வெறுமையாத் தெரிஞ்சுதுங்க."

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு ஆர்.சி. கேட்டார். லேமினேசன் போட்டதை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். டோக்கன் சொன்னதையேதான் அதுவும் சொன்னது.

"ஒரிஜினல் எங்கே?"

"சூலூர்லீங்க. பீரோவுல."

"அப்ப வண்டி இங்கேயே நிக்கட்டும். ஒரிஜினலைக் கொண்டாந்து காட்டிட்டு எடுத்துட்டுப் போங்க."

"சார், முகூர்த்தமுங்க. நான் வேண்ணா இங்க நிக்கறனுங்க. வண்டியை மட்டும் விட்டுருங்க," என்றேன்.

"மச்சான், நீங்க தாய்மாமன்," என்றான் மச்சினன். "நீங்க இல்லாம புள்ள எப்படி மணவறைக்கு வரும்?"

"அப்ப நீ நில்லு மாப்பிள்ளை."

"நான் நின்னா யாரு ஓட்டறது? நீங்களா?"

அருமைக்காரர் கண் விழித்தார். "வந்தாச்சுங்களா?"

"இல்லீங்க. வரிங்க," என்றேன்.

"யாரு வீட்டு வரி?"

"காரு வரிங்க."

அவரையும் அங்கே நிறுத்திவிட்டுப் போக முடியாது. அவர் இல்லாமல் தாலி ஏறாது. நான் இல்லாமல் பொண்ணு ஏறாது. மச்சினன் இல்லாமல் வண்டி நகராது. மூன்று பேரில் யாரை விடுவது என்று நான் வாய்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். ஆபீசரும் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் அவர்தான் சொன்னார்: "ஏங்க, கோயமுத்தூர் பஸ்ஸு வருதுல்ல? மூணு பேரும் ஏறிப் போங்களேன்."

மூன்று பேருக்கும் இது தோன்றவே இல்லை. மாலை போட்ட காரில் புறப்பட்டவர்கள் அந்தக் காரில்தான் போய் இறங்க முடியும் என்று இருந்துவிட்டோம்.

சாவியை ஆபீசர் கையில் கொடுத்தேன். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுப்பது போலத்தான் இருந்தது. "சார், கதவு பூட்டினா ஒருக்கா இழுத்துப் பாருங்க. சில நேரம் பூட்டு விழாது." இழுத்துப் பார்க்கிறேன் என்றார். அருமைக்காரர் கல்யாண வீட்டுப் பழக்கத்தில் கையை உயர்த்தி, "நல்லா இருங்க," என்றார். ஆபீசர் தன்னையறியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம். பட்டு வேட்டியோடு மூன்று பேர் ஏறியதைப் பார்த்துக் கண்டக்டர், "காரு வாடகைக்குக் கிடைக்கலீங்களா?" என்றார். சொந்தக் கார் என்று நான் சொல்லவில்லை. ஒரு அம்மா எழுந்து அருமைக்காரருக்கு இடம் கொடுத்தார். அவர் உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டார். நான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டரைப் பார்த்தேன். இறங்க ஒரு ஆள் இருந்தாலும் முகூர்த்தத்துக்கு இன்னும் எத்தனை நிமிசம் என்று எண்ணினேன்.

மண்டப வாசலில் மேளக்காரர்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றாள். எல்லோரும் அம்பாசிடரைத் தேடிக்கொண்டிருந்ததால் பஸ்ஸை யாரும் பார்க்கவில்லை. நாங்கள் இறங்கி, அவர்களுக்குப் பின்னால் போய் நின்றோம்.

"அக்கா," என்றேன்.

திரும்பினாள். "ஏங்கண்ணு, நீ இருக்கற, அவுரு இருக்கறாரு. காரு எங்க?"

"வரியில நிக்குதுக்கா."

அவள் அழுவாளோ திட்டுவாளோ என்று பார்த்தேன். "நேரமாவுது, உள்ள போ," என்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அருமைக்காரர் மஞ்சப்பையோடு முன்னால் போனார். முகூர்த்தம் முடிவதற்குள் தாலி ஏறியது. அக்கா மகள் என் காலில் விழுந்தபோது, கார்க் கதவில் பூட்டு சரியாக விழுந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டே ஆசீர்வாதம் பண்ணினேன்.

சாப்பிட்டதும், முந்தின நாளே மண்டபத்துக்கு வந்திருந்த சம்சாரத்திடம் பீரோச் சாவியை வாங்கிக்கொண்டு, நானும் மச்சினனும் சூலூர் போய், புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்பினோம். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுக்கிற தாம்பூலப் பை ஒன்றை அக்கா என் கையில் திணித்திருந்தாள். "அந்த ஆபீசருக்கும் குடு," என்றாள். தேங்காயும் வெத்தலையும் லஞ்சத்தில் சேருமா என்று பஸ்ஸில் வழியெல்லாம் மச்சினனைக் கேட்டேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

சாயங்காலம் ஆபீசர் அங்கேயே இருந்தார். காரைத் தள்ளிப் புளியமர நிழலில் நிறுத்தியிருந்தார். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"கட்டித்தான் இருக்கீங்க."

"ஆமாங்க."

"கல்யாணம்?"

"தாலி ஏறிருச்சுங்க சார்."

தலையாட்டினார். நகத்தால் சுரண்டி அந்த டோக்கனைப் பிய்த்தெடுத்தார். பிறகு என் கையைப் பார்த்தார். "பை யாருக்குங்க?"

பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவரே வாங்கி, தேங்காயை ஆட்டிக் காதருகே வைத்துப் பார்த்துவிட்டு ஜீப்பில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஆர்.சி. புத்தகம் காரிலேயே இருக்கிறது. ராத்திரி ஷெட்டைப் பூட்டி, சாவியைக் கூறைப்புடவைக்கு அடியில் வைக்கிறேன். காலையில் எழுந்ததும் போய், கண்ணாடியில் டோக்கன் இருந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குகிறேன்.