ஏரியில் இறங்காத கோல்கீப்பர்

தெர்ஹி எந்த அரங்கில் ஐஸ் ஹாக்கி ஆடினாலும், பனித்தளத்தில் கால் வைக்கும் முன் மட்டையைத் தலைகீழாகத் திருப்பி அதன் பிடியால் பனியை இரண்டு தட்டு தட்டுவாள். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்பாள். நாங்கள் அவளுக்குப் பின்னால் வரிசையில் காத்து நிற்போம். அவளோடு ஒரே அணியில் தடுப்பாட்டம் ஆடிய வருடங்கள் முழுக்க இதைப் பார்த்திருக்கிறேன்.

அரங்கத்துப் பனி இரண்டு விரல் கனம்கூட இருக்காது. கீழே குளிர்க் குழாய்கள், அதற்கும் கீழே கான்கிரீட். விழுவதற்கு அங்கே ஆழமே கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

"உள்ள யாரும் இல்லையாம்டீ, நீயே தொறந்துக்கிட்டுப் போ" என்பாள் ஒருத்தி.

"காப்பி கொண்டாந்துருக்கோம்னு சொல்லு, தொறப்பாங்க" என்பாள் இன்னொருத்தி.

தெர்ஹி சிரிக்க மாட்டாள். காதுக்குத் திருப்தி வந்த பிறகுதான் இறங்குவாள். எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு, நான்கூட இடது சறுக்குக் காலணியைத்தான் முதலில் மாட்டுவேன், இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்திருந்தேன். காரணத்தைச் சொன்னவள் கெர்த்து. எங்கள் அரங்கில் பனியை வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டுகிறவள். இருவரும் ஹவுக்கிலம்பி என்ற ஏரிக்கரை ஊரில் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

அந்த நாளில் ஊர் அரங்கின் மாலை நேரங்கள் எல்லாம் பையன்களுக்குத்தான். சிறுமிகள் ஏரியில் ஆடினார்கள். கெர்த்து கோல்கீப்பர், தெர்ஹி முன்வரிசை. குளிர்காலத்தின் முதல் பனி இறுகியிருந்த ஒரு மத்தியானம், கோல் கம்பத்துக்கு ஏதாவது வேண்டியிருந்தது. பக்கத்திலேயே இரண்டு ஊசியிலைக் கிளைகள் நட்டபடி நின்றன. தெர்ஹி அவற்றைப் பிடுங்கிவந்து, வழவழப்பான இடமாகப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி நட்டாள்.

பனிக்கடியில் மீன்வலை போடுகிறவர்கள், வெட்டிய துளைக்கு அடையாளமாக நடும் கிளைகள் அவை. வெளியூர்க்காரி ஒருத்தி வந்திருந்தால், இது ஏன் ஏரி நடுவில் நிற்கிறது என்று கேட்டிருப்பாள். பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கண்ணில் படும், மனதில் படாது. இப்போது கோலுக்குப் பின்னால் அடையாளமில்லாமல் கிடந்த துளை மேல் மெல்லிய ஏடு கட்டி, அதை இரவு விழுந்த பனித்தூள் மூடியிருந்தது.

"வாடி, அடி! உன்னால முடிஞ்சா அடி பாப்போம்!" என்று கெர்த்து கத்தினாள்.

தெர்ஹி ரப்பர் வட்டை மட்டையால் தள்ளிக்கொண்டு வேகமாக வந்தாள். கெர்த்து இரண்டடி பின்வாங்கினாள். இன்னும் ஒன்று. அவ்வளவுதான், தலையைக் காணோம்.

தெர்ஹி வயிற்றால் படுத்து ஊர்ந்துபோய் மட்டையை நீட்டினாள். தனக்கு அடியில் பனி முனகியதைக் கேட்டுக்கொண்டே நீட்டினாள். கறுப்புத் தண்ணீரிலிருந்து ஒரு கையுறை மேலே வந்து மட்டையைப் பிடிக்கும்வரை அவள் மூச்சே விடவில்லை என்று கெர்த்து சொல்வாள். தண்ணீருக்குள் இருந்தவளுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை.

கெர்த்து பிழைத்தாள். ஆனால் அவள் அம்மா அதன்பிறகு அவளை ஆட விடவில்லை. கெர்த்துவின் கோல்கீப்பர் கால்காப்புகள் தெர்ஹிக்கு வந்தன. "ஓடி ஆடறவ எங்க வேணா போகணும். கோல்கீப்பர் தட்டிப் பாத்த எடத்துலயே நிக்கலாம்" என்று தெர்ஹி ஒருமுறை என்னிடம் சொன்னாள். அப்படித்தான் அவள் கோல்கீப்பர் ஆனாள்.

விடியற்காலையில் தபால் வண்டி ஓட்டுவாள், மாலையில் பயிற்சி. தேசிய அணிவரை போனாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் கழிவறையில் வாந்தி எடுப்பாள். வட்டுக்குப் பயமா என்று புதுப் பயிற்சியாளர் கேட்டபோது, "வட்டு பனிக்கு மேலதான வருது" என்றாள். அவருக்குப் புரியவில்லை. எனக்கு அப்போது புரிந்திருந்தது.

அவள் ஆட்டத்தை விட்ட வருடம், பிப்ரவரியில், கெர்த்து அவளை ஏரிக்குக் கூப்பிட்டாள். "அன்னிக்கு நீ அடிக்காத ஷாட்டு ஒண்ணு இருக்குடீ. அத அடிச்சுட்டு அப்பறம் ஓய்வெடு." தெர்ஹி சரி என்றாள். துணைக்கு என்னையும் இழுத்துப் போனாள்.

கெர்த்து பனியைச் சுத்தமாக வழித்து, தன் வீட்டுத் தோட்டத்தில் வெட்டிய இரண்டு கிளைகளை நட்டு, நடுவில் நின்றாள். தெர்ஹி கரையோரம் காலணியைக் கட்டினாள். நாடா நழுவிக்கொண்டே இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கட்டடப் பொறியியல் படித்தவள், பனியின் தாங்குதிறன் எனக்குப் பாடம். "இதுமேல லாரியே போவும், தெர்ஹி" என்றேன்.

"லாரி போவட்டும்."

மட்டையைத் திருப்பித் தட்டினாள். அந்த நேரம் பார்த்து ஏரி இடிபோல் முழங்கியது. கடுங்குளிரில் இறுகும் பனி அப்படித்தான் கத்தும். சத்தம் ஏரியின் அடிவயிற்றிலிருந்து எழுந்து, மறுகரைவரை ஓடி, திரும்பி வந்தது. சத்தம் போடும் பனி கெட்டியான பனி என்று படித்திருக்கிறேன். ஆனாலும் ஓரடி பின்வாங்கினேன். தெர்ஹி கரையில் குத்தவைத்து, கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏய், நானே நிக்கறேன்டீ! விழுந்தவ நானு!" என்று கத்தினாள் கெர்த்து. நின்ற இடத்திலேயே குதித்தும் காட்டினாள்.

"குதிக்காத!" தெர்ஹியின் குரல் கீச்சென்று வந்தது. "கெர்த்து, குதிக்காத, கால்ல விழறேன். வந்துடு, கரைக்கு வந்துடு."

விழுந்தவளை விட்டுப் போன பயம் பார்த்தவளிடம் ஏன் தங்கியது? மட்டையை நீட்டிக் காப்பாற்றியவள் அல்லவா அவள்? அவளைத் தைரியப்படுத்த நினைத்தேன். ஆனால் நானும் பனியில் இறங்கவில்லை.

தெர்ஹி சறுக்குக் காலணியைக் கழற்றாமலே, மண்ணில் தடுக்கித் தடுக்கி வண்டிக்கு நடந்தாள்.

இப்போது தெற்கே ஒரு நகரத்தில் சிறுமிகளுக்குக் கோல்கீப்பிங் சொல்லித்தருகிறாள், அரங்கத்துக்குள். ஒவ்வொரு குளிர்காலமும் கெர்த்துவுக்குப் போன் வருகிறது.

"ஐஸ் எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி. வர்றியா?"

"அடுத்த வருஷம்."

"சரிடீ. நான் எங்க போகப்போறேன்?"

போனை வைத்துவிட்டு கெர்த்து மண்வாரியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போகிறாள். கிளைகளை நட்டு, எதிரே அடிப்பதற்குத் தோதான இடத்தில் ஒரு வட்டை வைத்துவிட்டு வருகிறாள். அது அங்கேயேதான் இருக்கிறது. பனி விழுந்து மூடினால் மறுநாள் போய் வழித்துவிடுகிறாள்.